நீல அட்டை நோட்டு

எங்கள் ஊருக்கு ரஷ்யன் படிக்க வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றி என்னிடம் யாரும் நல்ல வார்த்தை எதிர்பார்க்கக் கூடாது. பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் வந்து இறங்குவார்கள். முதுகில் ஒரு மூட்டை, மூஞ்சியில் ஒரு சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. லிப்ட் ஓடவில்லையா, சிரிப்பு. வெந்நீர் நின்றுவிட்டதா, அதற்கும் சிரிப்பு. நாலு மாதம் கழித்து டிசம்பரில் ஒரு ரோமத் தொப்பியும் ஒரு மரப் பொம்மையும் வாங்கிக்கொண்டு, "ரஷ்ய ஆன்மாவைப் புரிந்துகொண்டேன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுவார்கள். நான் ஐம்பத்தாறு வருஷமாக இந்தக் கஸ்த்ரமாவிலேயே கிடக்கிறேன். எனக்கே இன்னும் ஒன்றும் புரிந்தபாடில்லை. இவர்களுக்கு நாலு மாதத்தில் புரிந்துவிட்டதாம்!

இந்தக் கூத்தெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் எதிர் வீட்டுத் தமாரா இவர்களைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறவள். அவள் மகன் வதீம் வேலைக்காக வடக்கே மூர்மன்ஸ்க் துறைமுகத்துக்குப் போனபிறகு அவன் அறை சும்மா கிடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து கேட்டார்கள், சரி என்றுவிட்டாள். எங்கள் இரண்டு வீட்டுக் கதவுக்கும் நடுவே நாலு அடிதான். அவள் வீட்டில் ஸ்பூன் விழுந்தால் எனக்குக் கேட்கும்.

ஒரு டென்மார்க்காரன் வந்தான். குழாய்த் தண்ணீருக்குப் பயந்துகொண்டு பாட்டில் சோடாவால் பல் தேய்த்தான். இன்னொருத்தன் என்னை மாடிப்படியில் நிறுத்தி, "உங்க ஊர்ல ஏன் யாரும் சிரிக்கறதில்ல?" என்று கேட்டான். யாரிடம் கேட்கிறான் பாருங்கள்! நான் பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கிறவள். கன்னம் வீங்கியவர்களைத் தவிர வேறு யாரையும் நான் பகலில் பார்ப்பதில்லை.

ஆனால் ஷெல்பியைப் போல ஒருத்தி வந்ததில்லை. அமெரிக்காவில் சோளம் மட்டுமே விளைகிற ஏதோ ஒரு மாநிலம். இருபத்தொரு வயது, ஒட்டடைக்குச்சி உடம்பு. கறி சாப்பிட மாட்டாளாம். தமாரா பாவம், முதல் நாளே கோழி சூப் வைத்தாள். "கோழி எப்படிக் கறியாகும்?" என்று அவளுக்குக் கவலை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சூப்பில் மிதந்த கேரட்டை மட்டும் பொறுக்கித் தின்றாள்.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. நீல அட்டை, மேலே ரப்பர் பட்டை. சாப்பிடும்போதும் அது கூடவே இருக்கும். வாரத்துக்கு ஒரு பழக்கவழக்கம் பார்த்து எழுத வேண்டும், ஊரில் பேராசிரியர் மார்க் போடுவாராம். வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கை குலுக்காதே என்று தமாரா சொன்னால் எழுதுவாள். வீட்டுக்குள் விசில் அடிக்காதே என்றால் எழுதுவாள். எங்கள் உயிரும் உணர்வும் இவளுக்கு வீட்டுப்பாடம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் வேண்டுமென்றே சொன்னேன், "வியாழக்கிழமை வெங்காயம் உரிச்சா மாமியார் வந்து நிப்பா. எங்க ஊர் நம்பிக்கை." அதையும் எழுதினாள். எழுதிவிட்டு, "ரொம்ப நன்றி, ரிம்மா அத்தை" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அன்றைக்கு என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

தமாராவின் புருஷன் ஆர்காதிக்கு மட்டும் அவளை ரொம்பப் பிடித்தது. வோல்காவில் ஓடுகிற கப்பல்களில் முப்பது வருஷம் எஞ்சின் பார்த்தவன். இதயம் வீங்கி, கால் வீங்கி, சமையலறை நாற்காலியே கதி என்று ஆகியிருந்தான். அவளோடு உட்கார்ந்து டொமினோ ஆடுவான், பட்டப்பகலில் கள்ள ஆட்டம் ஆடுவான். அவள் கண்டுபிடித்துவிட்டால், "கேட்டுக்கோ பொண்ணு, வயசானவன் ஏமாத்தினா அது ஏமாத்து இல்ல, அனுபவம்" என்பான். எதைச் சொன்னாலும் "கேட்டுக்கோ பொண்ணு" என்றுதான் ஆரம்பிப்பான்.

ஆர்காதிக்கு மனசு பெரிது, வாய் அதைவிடப் பெரிது. அந்த வாயால்தான் மகனை இழந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் வதீம் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளுக்கு முதல் புருஷன் மூலம் ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. கல்யாண விருந்தில் ஆர்காதி மூன்று கிளாஸ் உள்ளே போனதும் எழுந்து நின்று, "எவனோ பெத்த குட்டிக்கு என் வம்சத்துப் பேரு எதுக்குடா?" என்று கேட்டான். அந்தக் குழந்தை வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. நானும் அங்கே இருந்தேன், என் காதால் கேட்டேன். வதீம் பெண்டாட்டியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு எழுந்தான். "இந்த வாயால மன்னிப்புக் கேக்கற வரைக்கும் உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்றான். ஆர்காதியாவது கேட்பதாவது! அந்தக் குழந்தையின் பெயரைக்கூட வீட்டில் சொல்லக் கூடாது என்று தமாராவுக்குக் கட்டளை. ஆறு வருஷம் இப்படியே போயிற்று.

அக்டோபர் இருபத்துநாலாம் தேதி ஆர்காதி போய்விட்டான். தமாரா கண்ணாடிகளுக்கெல்லாம் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தபோது இந்தப் பெண் நீல நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "கண்ணாடி ஏன் மூடறாங்க, ரிம்மா அத்தை?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். பிணம் இன்னும் கட்டிலில் கிடக்கிறது, இவளுக்குக் குறிப்பு வேண்டியிருக்கிறது! அந்த நிமிஷமே அவள் என் மனசை விட்டு முழுசாக இறங்கிவிட்டாள். வேறு வீடு பார்த்துத் தருகிறோம் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லியும் போக மாட்டேன் என்றாள். போவாளா? நிஜமான ரஷ்யச் சாவு! பேராசிரியர் நூற்றுக்கு நூறு போடுவாரே.

வதீம் அடக்கத்துக்கு வரவில்லை. மீன்பிடிக் கப்பலில் இருக்கிறேன் என்றான். தமாரா ஒரு மாதம் போனில் அழுது கெஞ்சி, நாற்பதாம் நாள் காரியத்துக்கு வருகிறேன் என்று அவன் வாயிலிருந்து வரவைத்தாள். என்னிடம் வந்து சொன்னாள்.

"ரிம்மா, அவன் வந்து அப்பா படத்துக்கு முன்னாடி உக்காந்து, ஒரு வாய் குடிச்சு, ஒரு ஸ்பூன் சோறு தின்னா போதும்டீ. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம். இந்தத் தடவை அவன் முறைச்சுக்கிட்டுப் போனா, அவனை நான் திரும்பப் பாக்க மாட்டேன்."

"வருவான், தின்பான், போ" என்றேன். அவளுக்காக அதை நடத்திக் காட்டுவது என் பொறுப்பு என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தமாராவும் உறவுக்காரர்களும் காலையிலேயே கோயிலுக்கும் அங்கிருந்து கல்லறைக்கும் போய்விட்டார்கள். நான் அவள் சமையலறையில் ப்ளினி அப்பம் சுட்டுக்கொண்டிருந்தேன். பெரிய அறையில் மேஜை போட்டாயிற்று. துக்க மேஜையில் முள்கரண்டி கிடையாது, ஸ்பூன்கள் மட்டும். அலமாரி மேல் ஆர்காதியின் படம். அதன் முன்னால் ஒரு கிளாஸ் வோட்கா, அதை மூடி ஒரு துண்டு கறுப்பு ரொட்டி. செத்தவனுக்கு வைத்த கிளாஸ். நாற்பது நாளாக அப்படியே நின்றது. ரொட்டி காய்ந்து ஓரம் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் தொடக் கூடாது. செத்தவன் பங்கைத் தொட்டவன் பின்னாலேயே போவான் என்பார்கள். நான் மூடநம்பிக்கைக்காரி இல்லை, ஆனாலும் அதன் பக்கத்தில் தூசி தட்டும்போது கையை ஒடுக்கிக்கொண்டேன்.

அப்போது அந்தப் பெண் வந்து நின்றாள். கையில் நோட்டு.

"ரிம்மா அத்தை. இன்னைக்கு வதீம் வருது. நான் வதீம்கிட்ட பேசணும். நோட்டு... ரொம்ப முக்கியம்."

கல்லில் அப்பம் கருகியது. நான் அடுப்பை அணைத்தேன்.

"என்ன பேசணும்?"

"வதீம், அப்பா... எழுதினேன். நோட்டுல. வதீம் பாக்கணும்..."

"பேட்டி எடுக்கப் போறியா? அப்பனைப் பறிகொடுத்தவன்கிட்ட, 'உங்க மனசுல இப்ப என்ன ஓடுது'ன்னு கேட்டு எழுதப் போறியா?"

"இல்ல, இல்ல. கேளுங்க. ஆர்காதி சொன்னார்..."

"ஆர்காதி பேரை உன் வாயால சொல்லாத! அவன் சாகற வரைக்கும் அவனைப் பாத்துப் பாத்து எழுதின. செத்தான், அதையும் எழுதின. இப்ப மகனா? எங்க துக்கம் உனக்குப் பரீட்சையாடி?"

அவள் வேகவேகமாக ஏதோ சொன்னாள். பாதி ரஷ்யன், பாதி அவள் பாஷை. நான் கேட்கிற நிலையில் இல்லை. ஆறு வருஷம் கழித்து வருகிற மகன், அவன் மூக்குக்கு முன்னால் இவள் நோட்டைத் திறந்தால் அவன் அப்படியே திரும்பிப் போய்விடுவான், தமாரா செத்தே போவாள், இது மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது. நோட்டை வெடுக்கென்று பிடுங்கினேன். கதவைத் திறந்து அரை மாடி ஏறினேன். கீழே குப்பை அறை வரைக்கும் இறங்குகிற குப்பைக் குழாயின் இரும்பு மூடியை இழுத்து உள்ளே போட்டேன். ஐந்து மாடியும் தடதடவென்று இடித்துக்கொண்டு கீழே போயிற்று.

திரும்பினால், அவள் படியில் நிற்கிறாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சிரிப்பு இல்லாமல் அவளைப் பார்த்தேன். வீட்டுச் செருப்போடு டிசம்பர்க் குளிரில் கீழே ஓடினாள். குப்பை அறைக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. காவல்காரன் ஞாயிற்றுக்கிழமை எங்கே இருப்பான்? சாவி அவனிடம். அரை மணி நேரம் கழித்து உதடு நீலம் பாரித்து மேலே வந்தாள்.

"இன்னைக்கு நீ மூலையில உக்காரணும். இது துக்க வீடு, கிளாஸோட கிளாஸ் இடிக்கக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை வந்துது, உன் மூட்டையையும் அதே குழாயில போட்டுடுவேன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றாள். பன்னிரண்டு மணிக்குக் குப்பை லாரி வந்து போன சத்தம் கேட்டது. நான் நிம்மதியாக மாவுக்குள் மீன் வைத்த ரொட்டியை அடுப்பில் வைத்தேன்.

வதீம் ஒன்றரைக்கு வந்தான். முப்பத்தெட்டு வயது, தாடியில் நரை. தாயைக் கட்டிக்கொண்டான், ஆனால் கோட்டைக் கழற்றவில்லை. தன் அறையை எட்டிப் பார்த்தான். சுவரெல்லாம் அந்தப் பெண் ஒட்டி வைத்த வினைச்சொல் சீட்டுகள்.

"என் கட்டில்ல இன்னும் வேத்தாள்தான் படுக்குதாம்மா?"

"படிக்கற பொண்ணுப்பா. அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"ஓ, அவருக்குப் பிடிக்கும். ஊர்ல எவ பெத்த பொண்ணுன்னாலும் பிடிக்கும் போல."

மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் ஆர்காதியோடு கப்பலில் இருந்தவர்கள். ஒவ்வொருத்தராக எழுந்து ஆர்காதியைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார்கள். கிளாஸ் இடிக்காமல் குடித்தார்கள். தேனும் திராட்சையும் போட்ட கோதுமைச் சோறு சுற்றி வந்தது. வதீம் கிண்ணத்தை வாங்கினான், அப்படியே அடுத்த ஆளிடம் தள்ளினான். அவன் முன்னால் வைத்த கிளாஸில் விரல்கூடப் படவில்லை. தமாரா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டரைக்கு எழுந்தான்.

"வந்தேன், உக்காந்தேன். போதும்மா. மூணரைக்கு ரயில்."

"வதீம்! திங்கக்கிழமை வரைக்கும் இருப்பேன்னு சொன்னியே. அப்பாவுக்காக ஒரு வாய்..."

"எனக்காக அவர் ஒரு வார்த்தை சொன்னாரா? ஆறு வருஷம். ஒரு போன்? ஒரு வரி? நான் எதுக்கும்மா குடிக்கணும்?"

அப்போது மூலையில் நாற்காலி நகர்ந்தது. அந்தப் பெண் எழுந்தாள். நேரே அலமாரிக்குப் போனாள். ஆர்காதியின் கிளாஸ் மேலிருந்த ரொட்டியை எடுத்தாள், கிளாஸைத் தூக்கினாள். நடந்து வந்து வதீமிடம் நீட்டினாள்.

"குடிங்க" என்றாள்.

கடவுளே! கப்பல்காரர்கள் எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி "ஐயோ" என்று அலறிவிட்டாள். செத்தவன் கிளாஸை எடுத்து உயிரோடு இருக்கிற மகனிடம் நீட்டுகிறாள்! இவளுக்கு மொழியும் கலாச்சாரமும் சொல்லிக்கொடுத்தவர்களைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"என்னையும் சாகச் சொல்றியா?" என்றான் வதீம்.

"இல்ல. ஆர்காதி சொன்னார். 'கேட்டுக்கோ பொண்ணு. நாப்பது நாள் எனக்கு கிளாஸ் வெப்பாங்க. வீணா. அது வதீமுக்கு. வந்தா அவன் குடிக்கணும். அப்புறம் நோட்டு குடு.'" அந்த "கேட்டுக்கோ பொண்ணு" இருக்கிறதே, அது ஆர்காதி இழுத்துச் சொல்கிற மாதிரியே இருந்தது. "அவர் சொன்னார், நான் எழுதினேன். ரெண்டு பக்கம். கடைசில அவர் கை. அவர் பேர் எழுதினார்."

தமாரா நெஞ்சில் கை வைத்தாள். வதீம் ஒரு அடி முன்னால் வந்தான்.

"எங்க அது?"

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை. கையில் இருந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டு, "தொலைச்சுட்டேன்" என்றாள்.

வதீம் சிரித்தான். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்திருக்க. சொந்த வாயால மன்னிப்புக் கேக்க மாட்டாரு, வெளிநாட்டுக்காரி வாயால கேப்பாரா? ரெண்டு பக்கமாம், கையெழுத்தாம், தொலைஞ்சு போச்சாம்!"

"எனக்குத் தெரியாதுடா! சத்தியமா எனக்கு எதுவும் தெரியாது!"

"தெரியாது. சரி." அந்தப் பெண்ணிடம் திரும்பினான். "இதைக்கூடப் பத்திரமா வெச்சுக்கத் தெரியல, பொய் சொல்ல வந்துட்டா."

நான் மீன் ரொட்டித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபது வார்த்தைகூட வேண்டாம், ஏழெட்டு வார்த்தை போதும். நான்தான் தூக்கிப் போட்டேன், நோட்டு இருந்தது, பொய் இல்லை. அவ்வளவுதான். தெரு முழுக்கக் கேட்கிற வாய் எனக்கு. அன்றைக்கு அந்த வாயில் இருந்து வந்தது என்ன தெரியுமா?

"மீன் ரொட்டி ஆறுது. எடுத்துக்கோங்க" என்றேன்.

கதவு அறைந்து சாத்திய சத்தம் கேட்டது. தமாரா நாற்காலியில் சரிந்தாள். அந்தப் பெண் கிளாஸைத் திரும்பக் கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் வைத்தாள். காய்ந்த ரொட்டியை எடுத்து, முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே, தூக்கிக்கொண்ட ஓரம் இடப்பக்கம் வரும்படி மூடினாள். நாற்பது நாளும் அதை எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறாள்! அதைப் பார்த்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தட்டை யார் மடியிலோ வைத்துவிட்டு ஓடினேன். வீட்டுச் செருப்போடு ஐந்து மாடி இறங்கினேன்.

அவன் வாசலில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"வதீம்! பொய் இல்லடா. நோட்டு இருந்துது. நான்தான் போட்டேன். குப்பைக் குழாய்ல. காலைல."

அவனுக்கு முதலில் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன் அத்தை?"

"பேட்டி எடுக்கறான்னு நினைச்சேன்."

"திறந்து பாத்தீங்களா?"

"இல்ல."

"நான் இங்க வந்து போன காலத்துலேர்ந்து 'எழுதறானுங்க, எழுதறானுங்க'ன்னு இந்தப் பிள்ளைங்களைத் திட்டறீங்க. என்னதான் எழுதறாங்கன்னு ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

பதில் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? வியாழக்கிழமை வெங்காயம்தான் இருக்கிறது. அதுவும் அந்த நோட்டில்தான் இருந்தது. என் பெயரைப் போட்டு எழுதியிருப்பாள்.

குப்பை அறைக் கதவு இப்போது திறந்து கிடந்தது. வதீம் உள்ளே போய்ப் பெட்டியைப் பார்த்தான். காலி. அடியில் ஈரம்கூடக் காய்ந்திருந்தது. திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. பதினோரு வருஷமாக மாடிப்படியில் வருகிற போகிற ஒவ்வொரு பிள்ளையையும் நான் பார்த்த பார்வை அது. சிகரெட்டைப் போட்டு மிதித்துவிட்டு மேலே ஏறினான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அந்தப் பெண் மூலையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வதீம் அவளுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ரிம்மா அத்தை சொன்னாங்க. நோட்டு இருந்துதுன்னு. என்ன எழுதியிருந்துது? முழுசா சொல்லு."

"முழுசா எனக்குப் புரியல" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினாள். "அவர் வேகமா பேசினார். இருமல். அழுகை. நான் சொன்னேன், மெதுவா, எனக்குப் புரியல. அவர் சொன்னார், 'நீ புரிஞ்சுக்க வேணாம். காதுல விழறதை எழுது. புரியறவங்ககிட்ட என்னால சொல்ல முடியல.'"

அறையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"எதுவுமே புரியலயா?" என்றான் வதீம். குரல் தாழ்ந்துவிட்டது.

"கொஞ்சம். கல்யாணம், வெள்ளை ரிப்பன், என் நாய் வாய்... அது புரிஞ்சுது. அப்புறம் தாஷா."

தமாரா தலையைத் தூக்கினாள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத அந்தக் குழந்தையின் பெயர். இவளுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? எங்கள் யாருக்கும் அதைச் சொல்லத் துணிச்சல் இருந்ததில்லை.

"தாஷான்னு அவர் சொன்னாரா?"

"ரெண்டு தடவை சொன்னார். 'என் பேத்தி தாஷா'ன்னு சொன்னார்." அவள் வதீமை நேராகப் பார்த்தாள். "பேத்தி எனக்குத் தெரியும். முதல் பாடத்துலயே வருது. அம்மா, அப்பா, பேரன், பேத்தி."

வதீம் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டான். எழுந்துபோய் அப்பன் கிளாஸை எடுத்தான். ரொட்டியை வாயில் போட்டுக் கடித்தான். நாற்பது நாள் நின்று காரமெல்லாம் போயிருந்த வோட்காவை ஒரே மடக்கில் குடித்தான். யாரும் சிலுவை போடவில்லை. தமாரா சத்தம் போட்டு அழுதாள். அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "சோறு குடும்மா" என்றான்.

நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். தமாரா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முப்பது வருஷ சிநேகிதி. திட்டியிருக்கலாம், தட்டை வீசியிருக்கலாம். "ரிம்மா, நீ உன் வீட்டுக்குப் போ" என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். நாலு அடி நடந்தேன், என் கதவைத் திறந்தேன், உள்ளே போனேன்.

வதீம் வியாழக்கிழமை வரைக்கும் இருந்தான். அந்த ரெண்டு பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்பது அவனுக்கும் தெரியாது, தமாராவுக்கும் தெரியாது, இனிமேல் தெரியவும் போவதில்லை. அதற்கு நான் ஒருத்திதான் காரணம். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி யாராவது சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மருமகளும் தாஷாவும் புதுவருஷத்துக்கு வந்ததைக் கதவு ஓட்டை வழியாகத்தான் பார்த்தேன். தமாரா இன்னும் என் கதவைத் தட்டவில்லை.

அதற்கு முன்னால், டிசம்பர் பதினேழாம் தேதி, ஷெல்பி ஊருக்குக் கிளம்பினாள். காலையில் நான் வேலைக்குப் போகக் கதவைத் திறந்தேன். அவள் மூட்டையோடு வெளியே வந்தாள். பின்னால் தமாரா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். ரோமத் தொப்பி இல்லை, மரப் பொம்மை இல்லை, ரஷ்ய ஆன்மாவைப் புரிந்துகொண்டேன் என்று எதுவும் சொல்லவும் இல்லை. என்னைப் பார்த்தாள். மன்னிச்சுடு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஆர்காதிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"போயிட்டு வரேன், ரிம்மா அத்தை" என்றாள், மரியாதையாக. நாலு மாதமாக அவள் சிரிப்பைக் கரித்துக் கொட்டினேன். அன்றைக்கு அவள் எங்கள் ஊர்க்காரியைப் போலவே தலையை மட்டும் அசைத்துவிட்டுப் படியிறங்கினாள். சிரிக்கவில்லை.